பெட்டிக்கு அறுபத்தொன்பது

எண் போட்டிருந்தால் நம்பிவிடுவது என் வியாதி. வீடு வீடாகப் போய் மின்மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது என் வேலை. மீட்டர் சொல்வது உண்மை, வீட்டுக்காரர் சொல்வது வெறும் பேச்சு என்று பழகிப்போன புத்தி. அப்படிப்பட்டவன் கையில், ‘உங்கள் பழைய நாணயங்கள் எத்தனை மதிப்பெண் பெறும்?’ என்று கேட்கும் துண்டுத்தாள் ஒன்று வந்து சேர்ந்தால் சும்மா இருப்பானா? கேட்டிருந்தவர்கள் நாணயத் தரக் கழகத்தார்.

நாணயங்கள் என்னுடையவை அல்ல, அப்பாவுடையவை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசித்திரமான காசு எது வந்து பையில் விழுந்தாலும், தன் சட்டைப்பையிலிருந்து அதற்கு ஈடாக வேறு காசைப் போட்டுவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். நடுவில் ஓட்டை போட்டது, ஓரம் நெளிநெளியாக இருப்பது, நாலு மூலை உள்ளது, அச்சு பிசகிப் பாதித் தலையோடு வெளிவந்தது என்று பதினான்கு காசு சேர்ந்திருந்தது. எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில்தான் கிடந்தன.

சர்க்கரை வியாதி அப்பாவின் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அந்த டப்பாதான் அவருக்குத் துணை. சாயங்காலம் கட்டிலில் துண்டை விரித்து, காசுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார். “இது வாத்தியாரு. இது தூங்குமூஞ்சி, கடைசி ஸ்டாப் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். இது சண்டைக்காரி” என்று தனக்குள் பேசிக்கொள்வார். காசைக் கொடுத்த பயணிகளுக்கு அவர் வைத்த பெயர்கள் அவை. சண்டைக்காரி என்பது என் அம்மா. அம்மா அவர் பஸ்ஸில் ஏறிச் சில்லறைக்காகச் சண்டை போட்டுத்தான் அறிமுகமானாள். பிறகு கல்யாணம் செய்துகொண்டு, சாகும் வரைக்கும் அந்தச் சண்டையைத் தொடர்ந்தாள். அவள் கொடுத்த காசின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அப்பாவின் கட்டைவிரல் அந்த வெட்டில் போய் உட்கார்ந்ததும் முகம் மாறும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் அந்தக் காசுகளைக் கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அறிவு கெட்டவன் என்று என் மனைவி சொல்வதில் தவறே இல்லை.

காசுகள் திரும்பி வந்தபோது ஒவ்வொன்றும் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தது. உள்ளங்கை அகலக் கூடு. நாலு பக்கமும் ஒட்டியிருந்தார்கள், திறக்க வழி கிடையாது. மேல் ஓரத்தில் ஒரு சீட்டு, சீட்டில் மதிப்பெண். எழுபதுக்கு.

“ஏன் நூத்துக்குப் போடலையாம்?” என்று அப்பா கேட்டார்.

“அது அவங்க கணக்குப்பா. ஒரு கைக்கும் போகாத, புழக்கத்துக்கே வராத காசுக்குத்தான் எழுபது கிடைக்குமாம்.”

“ஒருத்தன் கைக்கும் போகலைன்னா அது எப்படிடா காசு? சரி, நம்மாளுங்க எவ்வளவு?”

“ஓட்டைக் காசு அறுபத்திநாலு.”

“வாத்தியாரு! மார்க் வாங்காம இருப்பாரா?” அப்பா தொடையில் தட்டினார். “நான் எட்டாவதுல கணக்குல பதினேழுடா. இந்தக் குடும்பத்துல இவ்வளவு மார்க் யாரு வாங்கினாங்க சொல்லு? சண்டைக்காரிக்கு?”

“எட்டு.”

“எழுபதுக்கா? ஏனாம்?”

சீட்டில் இருந்ததைப் படித்தேன். “அதிகப்படியான தொடுகை.”

“உங்கம்மா இருந்திருந்தா அந்த ஆபீஸை ரெண்டு பண்ணியிருப்பா” என்றார் அப்பா.

இருந்தாலும் அவருக்குப் பெருமைதான். பால்காரரிடம் சொன்னார். ரத்தம் எடுக்க வரும் பெண்ணிடம் சொன்னார். சாயங்காலம் வழக்கம்போலத் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஒரு கூட்டை எடுத்துத் தடவினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பதினான்கையும் தடவி முடித்துவிட்டு, “எல்லாரும் ஒரே ஆளாயிட்டாங்கடா” என்றார்.

“உடைச்சுடட்டுமா மாமா? சுத்தியல் இருக்கு” என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்தே.

“வேணாம்மா, வேணாம். மார்க்கு போயிடும்.”

அங்கேதான் சிக்கல். மதிப்பெண் தற்காலிகமானது என்று சீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். காசுகளைச் சரியான சேமிப்பில், அதாவது காசு கெடாத பெட்டியில், கெடாத இடத்தில் வைத்து, அந்தச் சேமிப்பைக் கழகம் ஒப்புக்கொண்டால்தான் மதிப்பெண் உறுதியாகும். கூட்டை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. சேமிப்பு உறுதியாகிவிட்டால், காசை ஒப்படைத்த உறுப்பினர் வருஷத்துக்கு ஒரு முறை கூட்டைத் திறக்கச் சொல்லி, ஓர் அதிகாரியின் முன்னிலையில், கையுறை போட்டுக்கொண்டு காசைத் தொடலாம். “என் பொண்டாட்டியைத் தொட ஒரு ஆபீசரா?” என்று அப்பா முணுமுணுத்தார். ஆனாலும், “சரி, சீக்கிரம் அந்தச் சேமிப்பை முடிச்சுட்டு வா” என்று என்னை அனுப்பினார். அன்றிலிருந்து அவர் விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவ ஆரம்பித்தன.

கழகக் கட்டடத்தில் சேமிப்பு ஆலோசனைக்கு மூன்று பிரிவுகள் இருந்தன. ஈரப் பிரிவு, ஆவிப் பிரிவு, உராய்வுப் பிரிவு. முதலில் ஆவிப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என் பிஸ்கட் டப்பாவைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கையுறை மாட்டினார். இடுக்கியால் மூடியைத் திறந்தார்.

“இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?”

“பிஸ்கட் சார்.”

“எப்போ?”

“நான் சின்னப் பையனா இருந்தப்போ.”

“பிஸ்கட்டோட ஆவி இன்னும் இருக்கு” என்றார் அவர், மூக்கை உறிஞ்சி. “இதுலயா வெச்சிருந்தீங்க? உங்க காசுங்க இவ்வளவு மார்க் வாங்கினதே பெரிய விஷயம்.”

“மர பீரோல வைக்கலாமா சார்?”

“மரம் ஆவி விடும்.”

“அட்டைப்பெட்டி?”

“கந்தகம்.”

“இரும்பு பீரோ இருக்கு சார். சீதனமா வந்தது.”

“துரு, பெயின்ட், நாப்தலின் உருண்டை. மூணும் விரோதி.”

“அப்ப பேங்க் லாக்கர்?”

“அது ஈரப் பிரிவு. அவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கிட்டா உராய்வுப் பிரிவு ஒத்துக்காது.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அப்படின்னா எதுலதான் சார் வைக்கிறது? நீங்களே சொல்லிடுங்க.”

அவர் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “சார், தேர்ந்தெடுக்கற உரிமை உறுப்பினருக்கு. அதுல நாங்க தலையிடவே மாட்டோம். வேண்டாம்னு சொல்ற பொறுப்பு மட்டும்தான் எங்களுக்கு. அதை முப்பது வருஷமா ஒரு தப்பும் இல்லாம செஞ்சுட்டு வர்றோம்.”

“இதுவரைக்கும் யாருக்காவது சரின்னு சொல்லியிருக்கீங்களா?”

“அதுக்கு அவசியம் வரல.”

வீட்டைப் பார்வையிட ஓர் ஆய்வாளரை அனுப்புவதாகச் சொன்னார்கள். சொன்னபடி அவரும் வந்தார். கையில் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு கருவி. அதில் எண் ஓடியது. எண்ணைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது, என் புத்தி அப்படி.

சமையலறை வாசலில் நின்று கருவியை நீட்டினார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“இது தினமும் நடக்குதா?”

“எது?” என்றாள் என் மனைவி.

“இந்த ஆவி.”

“சாப்பிடற நாள்ல மட்டும் நடக்கும்” என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

குளியலறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். துணி காயும் பால்கனியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் அப்பா படுக்கும் சின்ன அறைக்கு வந்தார். கருவியில் எண் இறங்கியது. கட்டிலுக்கு அடியில் வைத்தபோது இன்னும் இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

“அருமையான இடம். ஒரே ஒரு தொந்தரவுதான் இருக்கு.”

“என்ன சார்?”

ஆய்வாளர் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். “இவரு எப்பவும் இங்கேயேதான் மூச்சு விடுவாரா?”

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். “வேற எங்க போய் விடணும்னு சொல்றீங்க?”

“கோபப்படாதீங்கம்மா. மூச்சை நாங்க எதிர்க்கல, திசையைத்தான் சொல்றோம். காசுங்க இந்தப் பக்கம் இருக்கும். பெரியவர் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்னா போதும். நிறைய வீட்டுல குழந்தைங்களே செய்யுது.”

“காசுக்காக மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கணுமா?”

“காசு திரும்பிக்க முடியாதே” என்றார் அவர், நியாயமாக.

அப்பா இடைமறித்தார். “விடும்மா. அவரு படிச்சவரு, சும்மாவா சொல்வாரு. திரும்பிப் படுத்தா மார்க்கு நிக்கும்னா படுத்துட்டுப் போறேன்.”

அன்றைக்கே திரும்பிப் படுத்தார். பேசும்போதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். சாயங்காலத் துண்டு மடித்தபடியே கிடந்தது. யார் வந்தாலும், போனாலும், அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. சட்டையின் இரண்டாவது பொத்தான் தேய்ந்து நூல் விட்டது. என் மனைவி அதைத் தைத்துக்கொடுத்தாள். மூன்றாவதைத் தடவ ஆரம்பித்தார். “இன்னும் எத்தனை பொத்தான்னு பாக்கப் போறீங்க?” என்று என்னைக் கேட்டாள். மறுபடியும் கழகத்துக்கு ஓடினேன்.

இந்த முறை கழகமே ஒரு பெட்டி விற்பது தெரியவந்தது. கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில். ஆவி விடாத, துருப்பிடிக்காத, உராயாத சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே பதினான்கு கூடுகள் கச்சிதமாக நிற்கத் தனித்தனித் தடுப்புகள்.

“இதை முதல்லயே சொல்லக்கூடாதா சார்?” என்று ஆவிப் பிரிவு அதிகாரியிடம் கேட்டேன்.

“சொன்னா உங்க தேர்வுல தலையிட்ட மாதிரி ஆயிடும்.”

பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் காவலாளி நிறுத்தினார். தரம் பார்க்காத பெட்டியில் தரம் பார்த்த காசை வைக்கக் கூடாதாம். நீங்களே விற்ற பெட்டிதானே என்றேன். விற்பது கீழ்த்தளம், தரம் பார்ப்பது மேல்தளம் என்றார். அதில் ஒன்றும் குற்றம் சொல்ல முடியாததால் பெட்டியை மேல்தளத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வாரங்களில் போன் வந்தது. பேசியவர் குரலில் ஒரு நடுக்கம். “சார், வாழ்த்துகள். உங்க பெட்டி அறுபத்தொன்பது வாங்கியிருக்கு. கழக வரலாற்றிலேயே இதுதான் அதிகம். தலைவர் தன் கையாலேயே தரணும்னு சொல்றார். பெரியவரையும் கூட்டிட்டு விழாவுக்கு வந்துடுங்க.”

“காசுங்களையும் கொண்டுவரணுமா?”

“காசா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “அதெல்லாம் எதுக்கு சார்? வீட்டுலயே இருக்கட்டும்.”

அப்பாவுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டாள் என் மனைவி. காசுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். போகும் வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். பெட்டி வந்துவிட்டது, மதிப்பெண் உறுதியாகிவிடும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சண்டைக்காரியை விரலால் தொடலாம். “கையுறை மெல்லிசா இருந்தா அந்த வெட்டு தெரியும்ல?” என்று கேட்டார். தெரியும்பா என்றேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர் மேடையில் ஒரு மணி நேரம் பேசினார். முக்கியமான இடம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“நண்பர்களே, நாணயத்தைப் பாதுகாப்பதாக நினைத்து நாம் இத்தனை காலம் ஏமாந்துவிட்டோம். நாணயம் ஏற்கெனவே பலர் கைபட்டுக் கெட்டுப்போன பொருள். அதைக் காப்பாற்றி என்ன பயன்? ஆனால் இந்தப் பெட்டியைப் பாருங்கள்! இதற்குள் ஒன்றுமே வைக்கப்படவில்லை. வைக்கப்படவும் கூடாது. பரிசோதனைக்காக ஒரே ஒரு முறை மூடியைத் திறந்தோம், அதற்காக மனமில்லாமல் ஒரு மதிப்பெண் குறைத்தோம். இனி அந்தத் தவறும் நடக்காது. திறக்க முடியாதபடி நிரந்தரக் கூட்டுக்குள் வைத்து ஒட்டிவிட்டோம். கழகம் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கத்தின் தொந்தரவு இல்லாமல் செயல்படும் நாள் இன்று வந்துவிட்டது!”

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார், எதற்கென்று தெரியாமல். என்னிடம் குனிந்து, “பெட்டியைத் திறக்க முடியாதுன்னா, காசை எங்கடா வைக்கிறது?” என்று கேட்டார். கண்டக்டர் தொண்டை. அரங்கம் முழுக்கக் கேட்டது.

தலைவர் புன்னகைத்தார். “நல்ல கேள்வி பெரியவரே. அதை நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்.”

அப்பாவை மேடைக்கு அழைத்துப் போனேன். பெட்டியை அவர் கையில் வைத்தார்கள். சாம்பல் பெட்டி உள்ளே இருக்க, சுற்றிலும் கெட்டிப் பிளாஸ்டிக். அப்பா விரலால் ஒரு சுற்று தடவினார். “இதுவும் அதேதான்” என்றார் மெதுவாக.

தலைவர் கைகுலுக்கினார். அப்பா அந்தக் கையை உடனே விடவில்லை. திருப்பி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “தேய்மானமே இல்லீங்க. புழக்கத்துக்கே வராத கை” என்றார்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் யாரும் தன்னை இவ்வளவு உயர்வாகப் பாராட்டியதில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார். மறுபடியும் கைதட்டல்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பெட்டி அப்பாவின் மடியில் இருந்தது. கை அதன்மேல் இல்லை, பொத்தான்மேல் இருந்தது. நான் என்ன சொல்லித் தேற்றுவது? அடுத்த வருஷம் பார்க்கலாம்பா என்றேன். அவர் தலையை ஆட்டினார். அழுதுவிடுவேன் என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாடிப்படி ஏறும்போது அப்பா சட்டென்று நின்றார். “யாரோ சில்லறை கொட்டறாங்க” என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் கேட்டது. அப்பாவின் கட்டிலில் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் என் மனைவி கடைசிக் காசைப் போட்டுக்கொண்டிருந்தாள். தரையில் சுத்தியல். முறம் நிறையப் பிளாஸ்டிக் சில்லு. பதினான்கு காசின் மதிப்பெண்ணும் போயிற்று.

“என்ன காரியம் பண்ணியிருக்கே?”

“பொத்தான் தைக்க இனிமே என்னால ஆகாது” என்றாள். ஆனால் மாமனாரைப் பார்த்தபோது அவள் குரல் இறங்கிவிட்டது. “மாமா, கேக்காம பண்ணிட்டேன். திட்டறதா இருந்தா திட்டிடுங்க.”

அப்பா சாம்பல் பெட்டியை என்னிடம் நீட்டினார். நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தார். துண்டில் கையை வைத்தார். விரல்கள் காசுகளுக்கு நடுவே அலைந்தன, ஓர் இடத்தில் நின்றன. கட்டைவிரல் ஓரத்து வெட்டில் போய் உட்கார்ந்தது.

“வந்துட்டியாடி” என்றார்.

நாங்கள் இருவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். பிறகு அவர் மற்றவர்களையும் ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார். வாத்தியார் இருந்தார். ஒரு காசைத் தடவியபோது மட்டும் விரல் நின்றது.

“இது என்னம்மா புதுசா ஒரு பள்ளம்?”

“சுத்தியல் பட்டுடுச்சு மாமா.”

“யாரு மேல? தூங்குமூஞ்சி மேலயா?” அப்பா சிரித்தார். “பரவால்ல விடு. அவனை யாராவது எழுப்பித்தான் ஆகணும்.”

என் மனைவிக்கு உயிர் வந்தது. மேசையிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினாள். உள்ளே காகிதம் சரசரத்தது. “மார்க் சீட்டு ஒண்ணையும் கிழிக்கல மாமா. பதினாலும் பத்திரமா இதுல இருக்கு.”

“நல்ல வேலை பண்ணினே.” சண்டைக்காரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே அப்பா சொன்னார், “மூடியை நல்லா அழுத்தி மூடும்மா. மார்க்குல ஈரம் பட்டுடப் போகுது.”

அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.